கைவிட்ட தோட்டம் தானாகக் காடாகுமா?

வாசகர் கேள்வி – பதில்

பினாங்குத் தீவின் தெலுக் பாஹாங் மேட்டில் ஆளில்லாமல் கிடக்கும் பழத்தோட்டங்களைப் பற்றிப் போன இதழில் ஒரு வாசகருக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. பாடுபட்டவர் போன பிறகு நிலத்தில் என்ன நடக்கிறது, அங்கே எந்தச் செடி வருகிறது, எந்த உயிர் போகிறது என்றுதான் ஏறக்குறைய எல்லாரும் கேட்கிறார்கள். மற்றக் கேள்விகள் அடுத்த மாதம்.

வணக்கம் டீச்சர். பாலிக் புலாவ் மலைச்சரிவில் எங்கள் தாத்தா வாங்கிப் போட்ட மூன்று ஏக்கர் இருக்கிறது. டுரியான், ஜாதிக்காய், கிராம்பு, மேல் ஓரத்தில் கொஞ்சம் பால்மரம் (ரப்பர்). அப்பா தவறிய பிறகு பத்துப் பதினைந்து வருடமாக யாரும் ஏறிப் போகவில்லை. 'சும்மா விடும்மா, தானாகக் காடாகிவிடும், அதுதான் இயற்கைக்கு நல்லது' என்கிறான் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன். ஆள் வைத்து எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்கிறார் அண்ணன். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, ஜெலுத்தோங்

அம்மா, இருவர் பேச்சையும் கேட்பதற்கு முன்னால் நீங்களே ஒரு நாள் ஏறிப் போய்ப் பாருங்கள். போனதும் மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்க்காதீர்கள். குனிந்து காலடியைப் பாருங்கள். மேலே நிற்கும் மரம் உங்கள் தாத்தா காலத்துக் கதையைத்தான் சொல்லும். இன்னும் ஐம்பது வருடம் கழித்து அங்கே என்ன நிற்கும் என்பதை முழங்கால் உயரக் கன்றுகள்தான் சொல்லும்.

நம் ஊரில் வெயில் படும் நிலத்தைக் கைவிட்டால் முதலில் லாலாங் புல் வருகிறது. கூடவே ஊதாப்பூ பூக்கும் செண்டுடுக், மஞ்சள் பூ பூக்கும் சிம்போ ஆயர், எதன்மேலும் ஏறிப் போர்த்திக்கொள்ளும் மிக்கானியா கொடி. சில ஆண்டுகளில் மஹாங் மரம் தலைகாட்டும். குடை மாதிரி அகன்ற இலை, வெளிறிய தண்டு. சில மஹாங் வகைகளின் தண்டு உள்ளே கூடாக இருக்கும். அதில் எறும்புகள் குடியிருந்துகொண்டு, இலையைத் தின்ன வரும் புழுக்களை விரட்டும். வேகமாக வளர்ந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிழல் கட்டிவிடும். சாலையில் இருந்து பார்ப்பவருக்கு அது காடாகவே தெரியும். உங்கள் மகன் சொல்வதும் இந்தக் கட்டம் வரை சரிதான்.

மஹாங்குக்கு வெயில் வேண்டும். தன் நிழலிலேயே அதன் கன்று வளராது. ஆகவே அந்த மரங்கள் ஆயுள் முடிந்து சாயும்போது, கீழே காத்திருக்கும் கன்று எதுவோ அதுதான் அடுத்த தலைமுறை. அந்த அடுத்த தலைமுறையை யார் கொண்டுவந்து போடுகிறார்கள்?

மெராந்தி, கெருயிங் போன்ற பெருமரங்களின் விதைக்கு இறக்கை உண்டு. ஆனாலும் கனமான விதை; பெரும்பாலும் தாய்மரத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் விழும். விழுந்த சில நாளிலேயே முளைக்க வேண்டும், மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் காத்திருக்க அதற்குத் தெரியாது. போதாததற்கு, இவை வருடா வருடம் காய்ப்பதில்லை; பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரே சேர்ந்தாற்போல் காய்த்துக் கொட்டும். பக்கத்தில் பழைய காடு இல்லாத தோட்டத்துக்கு இந்த மரங்கள் தாமாக வந்து சேர வழியே இல்லை.

மற்ற மரங்களுக்குப் பறவையும் வௌவாலும் மூசாங் என்ற மரநாயும்தான் வண்டி. சின்னான் போன்ற சிறு பறவைகள் சிறு பழங்களை விழுங்கி ஊரெல்லாம் தூவும். அதனால்தான் செண்டுடுக்கும் மஹாங்கும் எங்கும் முளைக்கின்றன. காட்டு ஜாதிக்காய் மாதிரிப் பெரிய கொட்டையை விழுங்க இருவாய்ச்சி, பெரும் புறா போன்ற அகன்ற அலகு வேண்டும். பெருநிலத்தில் ஒரு காட்டில் இவை அழிந்தால் பக்கத்துக் காட்டிலிருந்து ஒருநாள் வந்து சேரலாம். தீவில் அந்த வசதி குறைவு. அடர்காட்டுப் பறவைகள் பலவும் திறந்த கடலைத் தாண்டத் துணிவதில்லை. தீவில் நிலத்தைக் கைவிடுவதும் பெருநிலத்தில் கைவிடுவதும் ஒன்றல்ல என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இனி உங்கள் மூன்று ஏக்கருக்கு வருகிறேன். அது பழத்தோட்டமாக இருந்தது பெரிய நல்வாய்ப்பு. டுரியானும் கிராம்பும் நின்ற இடத்தில் நிழல் அறுந்ததில்லை, மண் திறந்து கிடந்ததில்லை, இலைச் சருகு விழுந்துகொண்டே இருந்திருக்கும். டுரியான் பூத்தால் வௌவால் வரும். குகையில் வாழும் சிறிய தேன் வௌவால் டுரியானுக்கு மகரந்தம் சேர்ப்பது வெகுநாளாகத் தெரிந்ததே. தியோமான் தீவில் பெரிய பழந்தின்னி வௌவாலும் அதே வேலையைச் செய்வதை 2017-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உங்கள் நிலத்துக்கு மேலே பழைய காடு ஒட்டினாற்போல் இருந்தால், சாலையோரத்துத் தனி நிலத்தைவிடப் பல மடங்கு நம்பிக்கை வைக்கலாம்.

கவலை இரண்டு இடத்தில். ஒன்று அந்தப் பால்மரப் பகுதி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ரப்பர்க் கொட்டை வெடிக்கும் சத்தம் மறக்காது. கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து அடுத்தவன் தொடையில் சுட்டு விளையாடாத பிள்ளை எங்கள் லயத்தில் இல்லை. அப்படி வெடித்துச் சிதறிய கொட்டைகளெல்லாம் முளைத்து, கைவிட்ட தீம்பாருக்குள் (ரப்பர்த் தோட்டத்துக்குள்) ரப்பர்க் கன்றுகள் மட்டுமே நெருக்கியடித்து நிற்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். இரண்டாவது, கிளிடேமியா என்ற தென்னமெரிக்கப் புதர். இலையெல்லாம் சொரசொரவென்று மயிர், கருநீலத்தில் சின்னப் பழம். நிழலிலும் வளரும் என்பதால் நல்ல காட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. காலடியில் இந்த இரண்டு மட்டுமே தெரிந்தால் அந்த இடம் தேங்கிப்போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத பத்து வகை இலை தெரிந்தால் மகிழுங்கள், அங்கே கத்தி படக்கூடாது.

அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். சரிவை மொட்டையடித்தால் அடுத்த பெருமழையில் மேல்மண் ஆற்றுக்குப் போய்விடும். போன மண்ணுக்குப் பதிலாக ரெசாம் பெரணிதான் வரும். முட்கம்பி போலப் பின்னிக்கொண்டு எந்தக் கன்றையும் எழவிடாது. அதோடு, 1960-ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மலைநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் என்றால் நில அலுவலகத்தின் அனுமதியின்றி வெட்டவே கூடாது. உங்கள் நிலம் அந்த வகையா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பால்மரத்தடியில் ரப்பர்ப் பால் பிடித்த பழைய மங்குகள் கிடக்கும். ஒன்றுவிடாமல் எடுத்து அப்புறப்படுத்துங்கள். மழைநீர் நின்றால் அதுதான் ஏடிஸ் கொசுவின் தொட்டில்.

சிங்கப்பூரில் நூறு வருடத்துக்கு முன்னால் கைவிட்ட தோட்டங்கள் காடாகிவிட்டதாக என் சித்தப்பா சொல்கிறார். நூறு வருடம் போதுமா டீச்சர்?
– படிவம் 5 மாணவர், ஆயர் ஈத்தாம்

தம்பி, நல்ல கேள்வி. அந்தத் தீவின் கதையைத் தெரிந்துகொண்டால் பினாங்கின் கதை பாதி புரிந்துவிடும்.

19-ஆம் நூற்றாண்டில் அங்கே கம்பீர் (தோல் பதனிடச் சாறு தரும் செடி), மிளகு இரண்டும் சேர்த்துப் பயிரிட்டார்கள். கம்பீர் இலையைக் கொதிக்க வைத்துக் காய்ச்ச வேண்டும். அதற்கு விறகு சுற்றியிருந்த காட்டிலிருந்து வந்தது. சுமார் பதினைந்து இருபது ஆண்டுகளில் மண்ணும் செத்தது, விறகும் தீர்ந்தது. தோட்டக்காரர்கள் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள், கடைசியில் ஜொகூருக்கே போனார்கள். விட்டுப்போன நிலத்தில் லாலாங் வந்தது. பிறகு தியூப்-தியூப் என்ற தடித்த இலைச் சிறு மரம் ஏறியது. புளித்துச் சத்திழந்த மண்ணிலும் அது நிற்கும். நூறு ஆண்டைத் தாண்டிய அந்தக் காடுகளுக்குள் பழைய காட்டின் மரவகைகள் மிகக் கொஞ்சமே திரும்பியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். விதை தர வேண்டிய தாய்க்காடு மிச்சமில்லை என்பது முக்கியக் காரணம். 1819-க்குப் பிறகு சிங்கப்பூர் தன் காட்டில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இழந்தது.

உன் சித்தப்பா சொல்லும் பச்சை உண்மைதான். அதில் பறவை உண்டு, வண்ணத்துப்பூச்சி உண்டு, நிழல் உண்டு. அழிக்காமல் காப்பாற்ற வேண்டிய இடம்தான். ஆனால் பழைய காடு என்று அதை எண்ணிக்கொண்டு, உண்மையான பழைய காட்டை வெட்டுவதற்குச் சமாதானம் சொல்லக்கூடாது. 'இதை வெட்டினால் என்ன, அங்கே வளர்ந்துகொண்டுதானே இருக்கிறது' என்ற பேச்சு எனக்குக் கோபத்தை வரவழைக்கும்.

நம் தீவிலும் இதே மாதிரி ஒரு பழைய கணக்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் பினாங்கு மலைச்சரிவுகளில் மிளகும் ஜாதிக்காயும் கிராம்பும் நட்டார்கள். 1860 வாக்கில் நோய் விழுந்து ஜாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்தன. உச்சிப் பக்கத்துப் பழைய காடு மட்டும் பெருமளவு தப்பியதால், கீழ்ச்சரிவுக்கு விதை வர ஓர் ஊற்று இருந்தது. 2021-இல் யுனெஸ்கோ பினாங்கு மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தபோது நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். கீழே கைவிட்ட ஒவ்வொரு தோட்டத்துக்கும் அந்த மேட்டுக் காடுதான் விதைக் கிடங்கு.

போர்ட்டோ ரிக்கோ தீவில் விவசாயத்தை விட்டதும் காடு பல மடங்கு பெருகியது என்று படித்தேன். அப்படியானால் விவசாயத்தைக் குறைப்பதுதானே இயற்கைக்கு நல்லது?
– ஒரு வாசகர், கெப்போங், கோலாலம்பூர்

நீங்கள் படித்தது சரி. 1940-களின் இறுதியில் அந்தத் தீவில் காடு 6 விழுக்காடு அளவுக்கு ஒடுங்கியிருந்தது. பிறகு தொழிற்சாலை வந்தது, மக்கள் நகரத்துக்கும் அமெரிக்கப் பெருநிலத்துக்கும் போனார்கள், கரும்பும் காப்பியும் மேய்ச்சல் நிலமும் கைவிடப்பட்டன. நூற்றாண்டு முடிவதற்குள் காடு 40 விழுக்காட்டை எட்டியது.

கைவிட்ட மேய்ச்சல் நிலங்களை ஆராய்ந்தவர்கள் கண்டது இது. சுமார் 40 ஆண்டுகளில் மரத்தின் பருமனும் வகைகளின் எண்ணிக்கையும் பழைய காட்டை நெருங்கிவிடுகின்றன. ஆனால் எந்த வகைகள் என்று பார்த்தால் பட்டியல் வேறு. பல இடங்களில் முன்னால் வந்து நின்றது ஆப்பிரிக்கத் துலிப் மரம். உங்கள் கோலாலம்பூர்ச் சாலைகளிலும் அதைப் பார்த்திருப்பீர்கள்: செக்கச் சிவந்த பூ, மொட்டைப் பிதுக்கினால் தண்ணீர் பீய்ச்சும். நிழல் காப்பித் தோட்டம் இருந்த இடங்களில் நிலைமை மேல், ஏனெனில் அங்கே மரநிழல் ஏற்கெனவே இருந்தது. அந்தத் தீவின் சூழலியலாளர் ஏரியல் லூகோ, இப்படிப்பட்ட கலப்புக் காடுகளைக் குறை சொல்லி ஒதுக்காமல் புதுவகைக் காடுகளாகவே ஆராய வேண்டும் என்று வாதிடுகிறார். அந்நிய மரத்தின் நிழலில் உள்ளூர்க் கன்றுகள் எழுவதை அவர் காட்டுகிறார். அதில் நியாயம் இருக்கிறது. வெட்டவெளியைவிட அது மேல் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

ஆனால் நீங்கள் கெப்போங்கில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்களே! பக்கத்திலேயே மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. அந்த நிலம் 1920-களில் ஈயம் தோண்டிய குழியும் காய்கறித் தோட்டமுமாகக் கிடந்தது. அதில் வனத்துறையினர் மெராந்தியும் கப்பூரும் கன்று கன்றாக நட்டார்கள். இன்று அங்கே கப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்பதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். 2025-இல் அது உலகப் பாரம்பரியத் தலமானது. அந்த நிலத்தைச் சும்மா விட்டிருந்தால் இன்று லாலாங்கும் மஹாங்கும்தான் நின்றிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

விவசாயத்தை விட்டதால் அழிந்த உயிரும் உண்டா?
– ஓய்வு பெற்ற தபால்காரர், சுங்கை டுவா

உண்டு ஐயா. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

ஜப்பானின் சாடோ தீவில் தோக்கி என்ற அரிவாள்மூக்கன் வாழ்ந்தது. மலை மரத்தில் கூடு, மலைச்சரிவு வயலில் இரை: அயிரை, தவளை, பூச்சி. முதலில் வேட்டையாடினார்கள், பிறகு வயலில் பூச்சிமருந்து தெளித்தார்கள். போதாததற்கு மலை வயல்களை உழுதவர்கள் வயதாகிக் கைவிட, அந்த வயல்கள் புதராகி நீர் வற்றின. 1981-இல் மிச்சமிருந்த ஐந்து காட்டுப் பறவைகளையும் பிடித்துக் கூண்டில் வைத்துப் பெருக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. ஜப்பானில் பிறந்த கடைசித் தோக்கி 2003-இல் இறந்தது. சீனா 1999-இல் கொடுத்த ஜோடியின் வழிவந்த பறவைகளை 2008-இல் சாடோவில் திறந்துவிட்டார்கள்.

இந்த முறை விவசாயிகளைத்தான் முதலில் தயார் செய்தார்கள். மருந்தைக் குறைப்பது, பனிக்காலத்திலும் வயலில் நீர் நிறுத்துவது, வயலை வற்ற விடும்போது அயிரை தப்பிக்க ஓரத்தில் வாய்க்கால் வெட்டுவது. அப்படி விளைந்த அரிசிக்குத் தனி முத்திரை கொடுத்து நல்ல விலைக்கு விற்றார்கள். இன்று அந்தத் தீவில் 500-க்கும் மேல் தோக்கிகள் பறக்கின்றன. உழுபவர் இருந்ததால் மீண்ட பறவை அது.

கிரேக்கத் தீவுகளிலும் இதன் வேறொரு வடிவம். நூற்றாண்டுகளாகக் கல்லடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்களை விட்டுவிட்டதும் சுவர் சரிகிறது, மண் கடலுக்குப் போகிறது. வெயில் விரும்பும் சிறு பூச்செடிகள் முட்புதருக்கு இடம் விட்டு மறைகின்றன.

நம் பக்கம் சுங்கை புரோங் வயல்வெளிக்குப் போனால் கொக்கும் மடையானும் உழவு இயந்திரத்தின் பின்னாலேயே நடப்பதைப் பார்க்கலாம். தீவில் எஞ்சியிருக்கும் வயல் கொஞ்சம்தான். அது கட்டடமானாலும் நட்டம், புதரானாலும் அந்தக் கொக்குகளுக்கு நட்டம்தான். வயல் வயலாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி.

தரிசாகக் கிடக்கும் பழைய தோட்டத்தால் மனிதருக்கு ஆபத்து உண்டா?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

தீ. ஹவாயின் மாவி தீவில் லஹைனாவைச் சுற்றி இருந்த கரும்பாலை 1999-இல் மூடப்பட்டது. கரும்பு நின்ற சரிவுகளைக் கினிப் புல் போன்ற அந்நியப் புற்கள் பிடித்துக்கொண்டன. 2023 ஆகஸ்டில் வறட்சியும் சூறைக்காற்றும் சேர, அந்தப் புல்வெளி வழியாகத் தீ ஊருக்குள் பாய்ந்தது. சுமார் நூறு பேர் மாண்டார்கள். ரப்பருக்கு முன்பே கரும்புக்காக நம் முன்னோர் செபராங் பிறையில் இறங்கியவர்கள் என்பதால் அந்தச் செய்தி என்னை மிகவும் உலுக்கியது. நம் வடபகுதியிலும் பிப்ரவரி வாக்கில் லாலாங் காய்ந்து சருகாகும். அதைக் கொளுத்திச் சுத்தம் செய்வது அறவே கூடாது. எரிந்தாலும் லாலாங்கின் வேர் சாகாது. சாவது அதன் நடுவே தலைதூக்கிய மரக்கன்றுதான்.

நல்லபடியாக முடிந்த தீவு ஒன்றாவது சொல்லுங்கள். எங்களால் செய்ய முடிந்ததையும் சொல்லுங்கள்.
– பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர், கெளுகோர்

சீஷெல்ஸ் நாட்டில் கசின் என்று ஒரு குட்டித் தீவு. முழுக்கத் தென்னந்தோப்பு. அங்கே மட்டும் மிஞ்சியிருந்த ஒரு சிறு கதிர்க்குருவி இனம், 1960-களில் முப்பதுக்கும் குறைவாகிவிட்டது. 1968-இல் பறவைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று தீவையே விலைக்கு வாங்கியது. தென்னங்கன்றுகள் மீண்டும் மண்டாமல் களைந்துகொண்டே வந்தார்கள்; உள்ளூர் மரங்கள் எழுந்தன, அவற்றின் இலையில் பூச்சி பெருகியது, குருவி பெருகியது. 1980-களின் தொடக்கத்தில் தீவு தாங்கக்கூடிய அளவுக்கு, முந்நூறுக்கும் மேல் வந்துவிட்டது. பிறகு வேறு தீவுகளுக்கும் கொண்டுபோய் விட்டார்கள், அங்கும் நிலைத்துவிட்டன. தோப்பைக் கைவிட்டதோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். தென்னையைத் தொடர்ந்து அடக்கி வைக்க ஆள் இருந்தார்கள்.

நீங்கள் செய்யக்கூடியதும் அந்த வகைதான். சங்கத்தின் பேரில் பழைய தோட்டம் ஒன்றைப் பராமரிக்க உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள். முதல் வருடம் எதையும் நட வேண்டாம். மரத்தில் ஏறிய மிக்கானியாவை அடியில் அறுத்துவிடுங்கள், கிளிடேமியாவைப் பழம் பிடிக்கும் முன் வேரோடு பிடுங்குங்கள். தானாக முளைத்த நல்ல கன்றுகளைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மட்டும் லாலாங்கை மிதித்துச் சாயுங்கள், களைக்கொல்லி வேண்டாம். இரண்டாம் வருடம், செப்டம்பரில் மழை பிடித்ததும், எந்த வகை தானாக வரவில்லையோ அதை மட்டும் நடுங்கள்: உங்கள் ஊர்ப் பெயரையே தாங்கிய அசாம் கெளுகோர், பெத்தாய், ஜெரிங், கிடைத்தால் மெராந்திக் கன்று. மெராந்திக்கு முதல் சில ஆண்டு நிழல் வேண்டும், ஆகவே மஹாங் மரத்தடியிலேயே நடுங்கள். அதை வெயிலில் நட்டுவிட்டுக் கருகிப்போயிற்று என்று எனக்குக் கடிதம் எழுதுபவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள்.